ஐந்தாவது ஓட்டை

அத்தியாயம் 6

"திருடன் யாருன்னு உங்களுக்கே தெரியும்னா, எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்றாள் காந்தா.

எதிரே உட்கார்ந்திருந்த இளவரசி மேஜை மேல் கிடந்த போலீஸ் புகாரைப் பார்த்தாள். 'கமல், வாலாஜாபாத்' என்று பேரும் ஊரும் போட்டு டைப் அடித்திருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் காலி.

"தெரியும்னுதான் மேடம் நினைச்சேன். பேனாவை எடுத்தா கை வரல."

"நல்ல கைங்க அது," என்றான் சிட்டிபாபு. "என் கைக்கு அந்தப் புத்தி இருந்திருந்தா நான் கல்யாண ரிஜிஸ்தர்ல கையெழுத்தே போட்டிருக்க மாட்டேன்."

காந்தா அவனை ஒரு பார்வை பார்த்தாள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்த காலத்தில் பொய் விபத்துகளை நடுங்க வைத்த பார்வை. அந்த வேலையை உதறிவிட்டு, காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டவள் அவள். சிட்டிபாபு அவளுக்கு டிரைவர், போட்டோகிராபர், உளவாளி எல்லாம். வாயை மட்டும் அவன் இலவசமாகக் கொண்டுவந்திருந்தான்.

அவர்கள் இருந்த இடம் ஓரிக்கையில் இளவரசியின் ஒர்க்ஷாப். ஒரு பக்கம் பெரிய கம்ப்யூட்டர். இன்னொரு பக்கம் அலமாரி நிறையப் பச்சை நிற எலக்ட்ரானிக் போர்டுகள்.

பட்டுப்புடவையின் முந்தியில் மயிலும் யாளியும் வர வேண்டுமானால் தறிக்கு மேலே ஜக்கார்டு வேண்டும். எந்தெந்த இழை எழும்ப வேண்டும் என்பதை முன்பெல்லாம் ஓட்டை போட்ட அட்டைகள் சொல்லும். இப்போது பல தறிகளில் அதைச் சொல்வது ஒரு போர்டு. பென்டிரைவில் டிசைனைப் போட்டுச் செருகினால் போதும். வரிசையாக நிற்கும் குட்டிக் காந்தங்களுக்கு அது கரண்ட் அனுப்பும், காந்தம் கொக்கியைத் தூக்கும், கொக்கி இழையைத் தூக்கும். காஞ்சிபுரத்தில் அப்படி ஒரு போர்டைத் தானே வரைந்து, தானே விற்றுக்கொண்டிருந்தவள் இளவரசி.

இப்போது சூரத்திலிருந்து ஒரு கம்பெனி 'மயூர்' என்று பெயர் வைத்து அதே போர்டைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து விற்கிறது. இளவரசியின் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக அங்கே போய்க்கொண்டிருந்தார்கள்.

"உங்க போர்டு ஒண்ணை வாங்கிக் கழட்டிக் காப்பி அடிச்சிருக்கலாமே?" என்றாள் காந்தா.

"அப்படித்தான் நானும் முதல்ல நினைச்சேன். இதைப் பாருங்க."

இளவரசி மானிட்டரைத் திருப்பினாள். திரையில் ஒரு சர்க்யூட் படம். எந்தப் பாகம் எதோடு சேர வேண்டும் என்று கோடுகளால் இணைத்த படம். அவள் ஒரு பட்டனைத் தட்டியதும் அது மறைந்து போர்டின் உருவம் வந்தது. பாகங்கள் எங்கெங்கே உட்கார வேண்டும், அவற்றுக்கு நடுவே செம்புக் கோடுகள் எந்த வழியாகப் போக வேண்டும் எல்லாம் அதில் இருந்தன. ஒவ்வொரு பாகத்தின் பக்கத்திலும் வெள்ளை எழுத்தில் ஒரு பெயர்.

"இந்த வெள்ளை எழுத்து போர்டு அச்சடிக்கறப்ப தனி லேயரா போகும். நான் அதை எடுத்துட்டுத்தான் பேக்டரிக்கு அனுப்புவேன். யாராவது கழட்டினாலும் எது என்னன்னு சட்டுனு புரியக்கூடாது இல்லையா? நான் வித்த எந்த போர்டுலயும் எழுத்தே இருக்காது."

"சரி."

"இப்ப இதைப் பாருங்க." இளவரசி செல்போனை நீட்டினாள். ஒரு நெசவாளர் 'மயூர்' பெட்டியின் இடுக்கு வழியாக எடுத்து அனுப்பிய மங்கலான போட்டோ. வயர்கள் பாதியை மறைத்திருந்தன. ஆனால் ஓரத்தில் ஒரு வெள்ளை எழுத்து தெளிவாகவே தெரிந்தது.

MITHI.

சிட்டிபாபு எழுத்துக் கூட்டிப் படித்தான். "மிதி... தறியில கால்ல மிதிக்கிற மிதியா?"

"ஆமா. மிதியிலேர்ந்து வர்ற ஒயர் அங்கதான் சேரும். நான் வச்ச பேரு அது."

"சூரத்காரங்களுக்கு எப்ப மேடம் இவ்ளோ தமிழ்ப் பற்று வந்துது?"

காந்தா சிரிக்கவில்லை. "அப்ப போர்டைக் காப்பி அடிக்கல. உங்க ஃபைலே போயிருக்கு."

"அதான் மேடம். ஃபைல் இந்தக் கம்ப்யூட்டர்லதான் இருக்குது. பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான் தெரியும். ஒருநாள் திறந்து வச்சுட்டு டீ குடிக்கப் போய்ட்டேன். திரும்பி வந்தா கமல் என் சீட்ல உட்கார்ந்துகினு இருந்தான். போர்டு சோல்டர் பண்ற பையன், ஆரம்பத்துலேர்ந்து கூட இருந்தவன். என்னடான்னு கேட்டா, கொரியர் லேபிள் பிரிண்ட் எடுக்கறேன்கா அப்படின்னான்."

"ஒரு பென்டிரைவ் போட எவ்ளோ நேரம் ஆகும் மேடம்?"

காபித் தட்டோடு உள்ளே வந்தவன் கேட்டான். இளவரசியின் கணவன் குமரன். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இன்ஜினியர். இன்று மனைவிக்குத் துணையாக லீவு போட்டிருந்தான். காபியை ஒவ்வொருவர் கையிலும் பதவிசாகக் கொடுத்தான். இளவரசியின் டம்ளரை மட்டும் ஆற்றிக் கொடுத்தான்.

"புகாரைக்கூட நானே டைப் அடிச்சிட்டேன். இவளுக்குத்தான் மனசு இளகுது. கூடவே வச்சு சோறு போட்டா, அவன் இப்படிப் பண்ணிட்டான். இன்னைக்குச் சாயங்காலம் ஸ்டேஷன்ல குடுத்துடலாம்னு இருக்கோம்."

"சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருக்குது," என்றாள் காந்தா. "அந்த மயூர் போர்டை நீங்க யாராவது கையில பிடிச்சுப் பார்த்தீங்களா?"

"இல்ல மேடம். பெட்டியைத் திறந்தா வாரண்டி போய்டும்னு யாரும் தரல," என்றாள் இளவரசி.

"சிட்டி?"

"விசாரிச்சிட்டேன் மேடம். தாமல் ஊர்க்காரர், தறி வச்சிருக்கிற ஒருத்தரு, மயூர் பெட்டி ரிப்பேர் ஆகி, வாரண்டியும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு கடையில குடுத்திருக்காரு. வாலாஜாபாத்ல கடை."

"யார் கடை?"

சிட்டிபாபு காபியை ஒரு வாய் குடித்தான். "கமல் கடை."

குமரன் தட்டை மேஜை மேல் வைத்தான். "பார்த்தியா இளவரசி? அவங்களுக்கு சர்வீஸ் ஆளே அவன்தான்."

இளவரசி பேனாவைக் கையில் எடுத்தாள்.

"கொஞ்சம் பொறுங்க," என்றாள் காந்தா. "நான் வந்ததும் போடலாம்."

*

வாலாஜாபாத் கடைத்தெருவில், ஒரு அரிசி மண்டிக்கும் டெய்லர் கடைக்கும் நடுவில் இருந்தது அந்தச் சின்ன ரிப்பேர் கடை. மிக்சி, இன்வெர்ட்டர், செல்போன் என்று உடம்பு சரியில்லாத எல்லாமும் அங்கே படுத்திருந்தன. கமல் தலையை நிமிர்த்தாமல் சோல்டரிங் வைத்துக்கொண்டிருந்தான். ஓரிக்கையிலிருந்து வருகிறோம் என்றதும் கை நின்றது.

"அக்கா அனுப்புனாங்களா?"

"நாங்களா வந்தோம்," என்றாள் காந்தா. "நீங்க சூரத் கம்பெனிக்கு சர்வீஸ் பண்றீங்களா?"

"அவங்களுக்கா? அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது மேடம். தறிக்காரங்க போன் போட்டா இந்தில பேசிட்டு வச்சுடறாங்களாம். பாவம், பெட்டியைத் தூக்கினு எங்க போவாங்க? இங்க வராங்க."

"இளவரசி கம்ப்யூட்டர்ல உட்கார்ந்தீங்களா?"

"உட்கார்ந்தேன். கொரியர் லேபிள் எடுத்து வைன்னு அக்காதான் போறப்ப சொல்லிட்டுப் போனாங்க. வந்ததும் மறந்துட்டாங்க. என்னடா பண்றன்னு கேட்டாங்க, சொன்னேன், சரின்னு விட்டுட்டாங்க. அவ்ளோதான். அப்புறம் சூரத் பெட்டி வந்துது. ஒருநாள் காலையில எழுந்து பார்த்தா குரூப்ல என் பேரு. அதோட அங்க வேலையும் போச்சு, இந்தக் கடையைப் போட்டேன்."

அவனே செல்போனை எடுத்துக் காட்டினான். நெசவாளர்களின் வாட்ஸ்அப் குரூப். இளவரசியின் எண்ணிலிருந்து வந்த செய்தி. 'கமல் என்பவரை யாரும் தறி வேலைக்கு அழைக்க வேண்டாம். கூடவே இருந்து டிசைனைத் திருடி விற்ற நம்பிக்கைத் துரோகி.'

"இதை இன்னும் ஏன்பா வச்சிருக்க? அழிச்சிடு," என்றான் சிட்டிபாபு. முதல் தடவையாக அவன் குரலில் நக்கல் இல்லை.

"என் போன்ல அழிச்சா ஆச்சா சார்? எனக்குப் பொண்ணு பேசி முடிச்சிருந்தாங்க, உத்திரமேரூர் பக்கம். இந்த மெசேஜ் சுத்தி சுத்தி அவங்க வீட்டுக்கும் போயிருக்குது. அதோட பேச்சு நின்னு போச்சு." கமல் போனை ஜேபியில் போட்டுக்கொண்டான். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் மேடம். கேட்டிருந்தாதானே நான் இல்லன்னு சொல்ல முடியும்? அக்கா கேக்கவே இல்ல."

காந்தா மேஜையை நெருங்கி, "அந்த மயூர் போர்டைப் பார்க்கலாமா?" என்றாள்.

"பாருங்க. கழட்டறது மட்டும் நான் கழட்டறேன். அடுத்தவங்க பொருளு."

பெட்டி திறந்தது. கமல் நான்கு மூலையிலும் இருந்த ஸ்க்ரூக்களைச் சுற்றி எடுத்து, போர்டைக் காந்தாவின் கையில் வைத்தான். ஒரு கை நீளத்துக்கு இருந்தது. வெள்ளை எழுத்துகள் வரிசையாக இருந்தன. MITHI-யும் இருந்தது. காந்தா எழுத்துகளை ஒருமுறை பார்த்துவிட்டு ஓரங்களுக்குப் போனாள். மூலைக்கு ஒன்றாக நான்கு ஓட்டை. வலது மேல் மூலைக்குப் பக்கத்தில், கொஞ்சம் உள்ளே தள்ளி, இன்னொன்று.

"இது எதுக்கு?"

"அதான் எனக்கும் புரியல மேடம். ஸ்க்ரூ ஓட்டை மாதிரிதான் இருக்குது. ஆனா பெட்டியில அதுக்கு நேரா ஒண்ணுமே இல்ல."

"இளவரசி போர்டுல இது உண்டா?"

"இல்லையே. நான் எத்தனை போர்டு சோல்டர் பண்ணியிருக்கேன். எல்லாத்துலயும் நாலுதான்."

சிட்டிபாபு எட்டிப் பார்த்தான். "காது குத்திட்டு கம்மல் போட மறந்துட்டாங்க போல."

"விளையாட்டுக்கு யாரும் காது குத்த மாட்டாங்க சிட்டி. இந்தக் கோடுங்களைப் பாரு." காந்தா நகத்தால் தொட்டுக் காட்டினாள். நேராக ஓடி வந்த மூன்று செம்புக் கோடுகள் அந்த ஓட்டைக்கு அருகே வந்ததும் வளைந்து, அதைச் சுற்றிக்கொண்டு, மறுபடி நேராகப் போயின. "போர்டு வந்த பிறகு டிரில் போட்ட ஓட்டையா இருந்தா கோடு அறுந்திருக்கும். இங்க கோடு ஒதுங்கி வழி விட்டிருக்கு. வரையறப்பவே யாரோ யோசிச்சு வரைஞ்ச ஓட்டை இது."

"சூரத்துலயே சேர்த்திருக்கலாமே?"

"அவங்க பெட்டிக்கே உதவாத ஓட்டையை அவங்க எதுக்குச் சேர்க்கணும்? எடுத்துடலாமா வேணாமான்னு தெரியாம விட்டிருக்காங்க. கையில வந்த படத்தை அப்படியே அச்சடிச்சவன்தான் இப்படி விடுவான்." காந்தா கமல் பக்கம் திரும்பினாள். "இதை நான் எடுத்துட்டுப் போகணும்."

கமல் தயங்கினான். தாமல்காரரின் பொருள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு போர்டை ஒரு பழைய துணியில் சுற்றிக் கொடுத்தான்.

"சாயங்காலம் குடுத்துடுங்க மேடம். அவர் வந்து நிப்பாரு. என் மேல இன்னொரு திருட்டுப் பேரு வேணாம்."

*

அவர்கள் ஓரிக்கைக்குத் திரும்பியபோது இளவரசி தனியாக இருந்தாள். குமரன் புகாரை ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தான்.

காந்தா, "சாயங்காலத்துக்குள்ள இதைத் திருப்பிக் குடுக்கணும்," என்று சொல்லி, போர்டைத் துணியிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தாள். இளவரசி அதை ஆவலோடு இழுத்துப் பார்த்தாள். தன் எழுத்துகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுகொண்டே வந்தவளின் விரல், வலது மேல் மூலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"இது..."

"சொல்லுங்க."

இளவரசி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். ஃபோல்டர்களைத் திறந்து மூடினாள். அடியில் கிடந்த ஒரு ஃபைலைத் திறந்தாள். திரையில் அதே போர்டு வந்தது. நான்கு மூலையில் நான்கு ஓட்டை. வலது மேல் மூலையில், கொஞ்சம் உள்ளே தள்ளி, ஐந்தாவது. மூன்று கோடுகள் வளைந்து அதைச் சுற்றிப் போயின.

சிட்டிபாபு சூரத் போர்டைத் தூக்கித் திரைக்குப் பக்கத்தில் பிடித்தான். ஒரு முடி இழைகூட வித்தியாசமில்லை.

"இது எந்த போர்டு?" என்றாள் காந்தா.

"போர்டே இல்ல மேடம். இதை அச்சடிக்கவே இல்ல." இளவரசி திரையில் அந்த ஓட்டையைத் தொட்டாள். "எங்க மாமனார் தறிக்காக வரைஞ்சது. பிள்ளையார்பாளையத்துல இருக்காரு. அவர் தறியில மேல் சட்டத்து மூலை விரிசல் விட்டிருந்துது. அங்க ஸ்க்ரூ பிடிக்காதும்மா, கொஞ்சம் உள்ள தள்ளி ஒரு ஓட்டை போட்டுக் குடுன்னு போன்ல அளவு சொன்னாரு. ஓட்டையைப் போட்டதும் கோடு இடிக்குதுன்னு சாஃப்ட்வேர் சிவப்பு காட்டிச்சு. மூணு கோட்டையும் வளைச்சு விட்டேன். அதுக்குள்ள மாமா ஆசாரியைக் கூப்பிட்டு சட்டத்தையே மாத்திட்டாரு. அதனால சாதா போர்டையே மாட்டிட்டோம். இது அப்படியே கிடந்துது."

"அப்ப உலகத்துல இந்த அஞ்சு ஓட்டை படம் இந்தக் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருக்கு?"

"ஆமா."

"வேற யார்கிட்டயும் போகலையா?"

இளவரசி சட்டென்று தலையை ஆட்டினாள், இல்லை என்பதுபோல். பிறகு அந்தத் தலையாட்டல் பாதியில் நின்றது. வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"ஓட்டை சரியா வருதான்னு பார்க்கணும் இல்லையா... படத்தை அதே அளவுல பேப்பர்ல பிரிண்ட் எடுத்து சட்டத்து மேல வச்சுப் பார்ப்போம். என் பிரிண்டர்ல அவ்ளோ பெரிய பேப்பர் போகாது. அவர் ஆபீஸ்ல போகும். முழு ஃபோல்டரையும் அனுப்பு, நான் பார்த்து எடுத்துக்கறேன்னாரு. மெயில் பண்ணேன்."

"உங்க வீட்டுக்காரருக்கு."

"அவர் ஆபீஸ்ல யாராவது எடுத்திருக்கலாம் மேடம்! மெயிலை ஹேக் பண்ணியிருக்கலாம்!"

"இருக்கலாம்," என்றாள் காந்தா. "நிஜமாவே இருக்கலாம். எனக்குத் தெரியாது. அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுப் பார்க்கணும். நான் கேட்டா உஷாராயிடுவாரு."

இளவரசி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் கேக்கறேன்."

குமரன் கையில் ஜெராக்ஸ் கட்டோடு உள்ளே வந்தான். மேஜை மேல் கிடந்த போர்டைப் பார்த்தான்.

"இதான் மயூரா? கமல்கிட்டதானே இருந்துது? நான் சொல்லல?"

"ஆமாங்க," என்றாள் இளவரசி. குரலை எப்படியோ சமமாக வைத்துக்கொண்டாள். "எல்லாம் நம்மளுதுதான். இந்த ஒரு ஓட்டை மட்டும்தான் புரியல. இதை எதுக்குச் சேர்த்திருப்பாங்க?"

குமரன் குனிந்து பார்த்தான். "எது? இதுவா? இது நம்ம போர்டுல எப்பவும் இருக்கறதுதானே?"



இளவரசி எழுந்து அலமாரிக்குப் போனாள். ஒரு போர்டை எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தாள். நான்கு ஓட்டை. இன்னொன்றை எடுத்து வந்து வைத்தாள். நான்கு. இன்னொன்று. இன்னொன்று. மேஜையில் இடம் இல்லாமல் போனபோது ஜெராக்ஸ் கட்டின் மேலேயே வைத்தாள். கல்யாணமாகி இந்த ஒர்க்ஷாப் திறந்த நாளிலிருந்து அவன் காபி கொண்டுவந்து வைக்கும் அதே மேஜை. ஒருமுறைகூட அந்தப் போர்டுகளில் ஒன்றை அவன் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. அவன் பார்த்தது, அப்பாவின் தறிக்காக அவள் மெயிலில் அனுப்பிய ஒரே ஒரு படம்.

குமரன் எல்லாவற்றையும் பார்த்தான்.

"காசு வாங்கல இளவரசி," என்றான். "சத்தியமா ஒரு பைசா வாங்கல."

சிட்டிபாபு மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அப்ப எதுக்கு?"

"என் கூட வேலை பார்த்தவன் சூரத்துக்குப் போனான். கேட்டான். குடுத்தேன்." குமரன் நாற்காலியில் உட்கார்ந்தான். "ஜெர்மனிக்கு அனுப்பறேன்னு கம்பெனியில எத்தனை தடவை சொன்னாங்க. ஒவ்வொரு தடவையும் உன்கிட்ட கேட்டேன். போர்டு, போர்டுன்ன. இந்த வியாபாரம் ஓடலன்னா நீயே கிளம்பி வந்துடுவேன்னு நினைச்சேன். நமக்காகத்தான்..."

"கேட்டீங்க. நான் வரலன்னு சொன்னேன். அதுக்கு என் கையைக் காலை உடைச்சுத் தூக்கினு போலாம்னு பார்த்தீங்களா?"

"நான் அப்படி யோசிக்கல..."

"கமல்?"

அவன் அலமாரிப் பக்கம் பார்த்தான்.

"நான் அவனைத் திருடன்னு சொன்னப்ப நீ பக்கத்துலதான் உட்கார்ந்திருந்த." அவளை அறியாமலே 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது. "நான் அழுதுகினு இருந்தேன். என் போனை வாங்கி, அந்த மெசேஜை டைப் பண்ணிக் குடுத்தது நீ. நம்பிக்கைத் துரோகின்னு போட்டது நீ. நான் அனுப்பற பட்டனை மட்டும்தான் அழுத்தினேன்."

"யார் மேலயாவது சந்தேகம் போவணுமே இளவரசி. ஊரை விட்டு நாம போயிட்டா எல்லாம் மறந்துடுவாங்கன்னு..."

"காசு வாங்கியிருந்தாக்கூட எனக்குப் புரிஞ்சிருக்கும்," என்றாள் இளவரசி.

மேஜை மேல் இருந்த சூரத் போர்டை எடுத்து அதே துணியில் சுற்றினாள். "இதைச் சாயங்காலத்துக்குள்ள திருப்பிக் குடுக்கணும்னு சொன்னீங்களே மேடம். நானே வரேன்."

*

காரில் இளவரசி பின்சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். ஓரிக்கை எல்லை தாண்டும் வரை சிட்டிபாபு வாயைத் திறக்கவில்லை. அது அவனுக்கு ஒரு சாதனை.

"மேடம், ஒரே ஒரு சந்தேகம்," என்றான் மெதுவாக. "அவரு 'எங்க அப்பாவுக்குப் பிரிண்ட் எடுத்தப்ப இந்த ஓட்டையைப் பார்த்தேன்'னு சொல்லியிருந்தா?"

"நான் அங்கயே நின்னிருப்பேன். என்கிட்ட வேற ஒண்ணும் கிடையாது."

"அப்ப ஏன் சொல்லல?"

"பழக்கமான திருடன் சொல்லியிருப்பான். இவருக்கு இது முதல் தடவை." காந்தா கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தாள். "அதனால அந்தப் பொண்ணுக்கு வலி குறையும்னு நினைக்காத."

கமல் கடையில் ஒரு பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பெட்டிக்காகக் காத்திருந்த தாமல்காரர். இளவரசி காரிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் கமல் எழுந்து நின்றான். பழைய மரியாதை, கால் தானாகவே எழுந்துவிட்டது. பிறகு என்ன நினைத்தானோ, மறுபடி உட்கார்ந்துகொண்டான்.

இளவரசி போர்டை மேஜை மேல் வைத்தாள்.

"கமல், நீ எடுக்கல. எனக்கு இப்பதான் தெரிஞ்சுது. எடுத்தது என் வீட்டுக்காரரு."

கமல் அவளை நிமிர்ந்து பார்த்தான். குமரன் அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகியவன். அந்த அண்ணன் கைக் காபியைக் குடித்தவன்.

"அண்ணனா?"

"என்னை மன்னிச்சுடுன்னு கேக்க எனக்கு வாய் வரல. நீ இங்க உட்காரு. உன் முன்னாடியே பண்றேன்."

செல்போனை எடுத்தாள். அதே குரூப்பைத் திறந்து, குரல் பதிவு பட்டனை அழுத்திப் பிடித்தாள்.

"வணக்கம். நான் ஓரிக்கை இளவரசி பேசறேன். கமல் என் டிசைனைத் திருடிட்டான்னு இதே குரூப்ல நான் போட்டிருந்தேன். அது பொய். கமல் திருடல. என் டிசைனை சூரத்துக்குக் குடுத்தது என் வீட்டுக்காரர் குமரன். நான் விசாரிக்காம கமல் பேரைக் கெடுத்துட்டேன். அந்த மெசேஜை யார் யாருக்கு அனுப்பினீங்களோ, அவங்க எல்லாருக்கும் தயவுசெஞ்சு இதையும் அனுப்புங்க."

விரலை எடுத்தாள். பதிவு போய்விட்டது. தாமல்காரரின் ஜேபியிலும் ஒரு சத்தம் வந்தது. அவரும் அதே குரூப்பில்தான் இருந்தார். இளவரசி சொன்னதைக் காதால் கேட்டுவிட்ட மனிதர், போனைத் தொடாமல் தரையைப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் இளவரசியின் போன் அடித்தது. திரையில் 'மாமா'. பிள்ளையார்பாளையத்தில் மாமனார் வீரபாகு அந்தப் பதிவைக் கேட்டுவிட்டார். தன் மகனின் பேரை ஊரே கேட்கும்படி மருமகள் சொன்னதைக் கேட்டுவிட்டார். இளவரசி அடித்துக்கொண்டிருந்த போனைப் பார்த்தபடியே நின்றாள்.

"எடுங்கம்மா," என்றாள் காந்தா.

எடுத்தாள். "மாமா..."

அந்தப் பக்கம் கனத்த ஒரு குரல். கடைக்குள் எல்லோருக்கும் கேட்டது. "அந்தப் பையன் பக்கத்துல இருக்கானா?"

"இருக்கான் மாமா."

"போனை அவன்கிட்ட குடும்மா."

கமல் போனை வாங்கிக் காதில் வைத்தான். வீரபாகு என்ன சொன்னார் என்று வெளியே கேட்கவில்லை. நீளமாகச் சொன்னார். நடுவில் கமல், "ஐயா, நீங்க போய் அப்படியெல்லாம் சொல்லாதீங்க," என்றான். அப்புறம், "சரிங்க ஐயா," என்றான். இன்னொரு முறை, "சரிங்க." கண்ணைப் புறங்கையால் தேய்த்துக்கொண்டு போனைத் திருப்பிக் கொடுத்தான்.

துணியைப் பிரித்துப் போர்டை வெளியே எடுத்தான். பெட்டிக்குள் வைத்து, நான்கு ஸ்க்ரூவையும் ஒவ்வொன்றாக முடுக்க ஆரம்பித்தான். இளவரசி போகலாமா நிற்கலாமா என்று தெரியாமல் நின்றாள்.

"கமல்... திங்கக்கிழமை வரியா? உன் சீட்டு அப்படியேதான் இருக்குது."

அவன் கடைசி ஸ்க்ரூவை முடுக்கி முடித்தான். பெட்டியை மூடித் தாமல்காரரிடம் நகர்த்தினான்.

"எதாவது கஷ்டம்னா கூப்பிடுங்க அக்கா, ஓடி வரேன்," என்றான். "வேலைக்கு மட்டும் கூப்பிடாதீங்க."